அ என்றால் அனுப்பு

வில்கமுவ
2025 ஜூலை 2, புதன்

ஆதிபா,

குளக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அக்கா வீட்டில் சிக்னல் கிடையாது. உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

டொறீன் அக்காவின் யானைப் பதிவு போய்விட்டது.

முழுவதும் இல்லை. ஆனால் வேண்டிய பகுதி போய்விட்டது. நோபர்ட் அத்தானை வாய்க்கால் ரோட்டில் யானை அடித்துக் கொன்ற மறுமாதமே அக்கா எழுதத் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். எந்த யானை, எந்த வழி, எந்தப் பக்கம் போனது, எதை உடைத்தது என்று ஒரு நாள் விடாமல் எழுதினார். இந்த மார்ச்சில் யானைகள் கிழக்கே புது வழி எடுத்தன. அதைத் தனியாக வைக்க, நாம் எழுதிய 'படி' நிரலில் 'கிழக்கு' என்று ஒரு கிளை போட்டுக்கொடுத்தேன். மார்ச் ஒன்பதிலிருந்து ஜூன் முப்பது வரை நூற்றுப் பதினான்கு நாள். அந்தக் கிளைதான் இல்லை.

நேற்றுக் காலை லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு இதே கட்டுக்கு வந்தோம். மாத்தளையில் உங்கள் கணினிக்கு ஒரு பிரதி அனுப்பிவிடலாம் என்று. எப்போதும் மூலப் பதிவை அனுப்புவதற்கு 'படி அ' என்று தட்டுவார்; கிழக்கை இதுவரை ஒரு தடவைகூட அனுப்பியதில்லை. அ என்றால் அனுப்பு. நேற்று கிழக்குக் கிளையை மட்டும் அனுப்ப நினைத்து 'படி கிளை அ கிழக்கு' என்று தட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அது சரியாகவே பட்டது. 'கிழக்கு: முடிந்தது' என்று திரையில் வந்தது.

"போயிருச்சா?" என்று கேட்டார்.

"போயிருச்சுக்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கிளைகளின் பட்டியலில் கிழக்கு இல்லை. கிளை என்ற கட்டளைக்குள் அ என்றால் அழி. அது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை ஆதிபா. "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை.

பதினேழாம் திகதி மின்வேலிக் கூட்டம். அதிகாரிகளின் வரைபடத்தில் வேலி பழைய வழியைப் பார்த்துத்தான் போகிறது. அப்படியே கட்டினால் யானை எல்லாம் கிழக்கே திரும்பும். அங்கே பதினொரு வீடு வேலிக்கு வெளியே நிற்கும். அதில் ஒன்று அக்காவுடையது. இதைக் காட்ட இருந்த ஒரே சாட்சி அந்த நூற்றுப் பதினான்கு நாள். கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தவரை, "இனி கொப்பி எதுக்குக்கா, நாங்க செஞ்ச 'படி'யில எழுதுங்க, பழசு ஒண்ணும் அழியாது" என்று நிறுத்தியவன் நான்.

அந்தச் சுருக்கத்தை யார் எழுதியது என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. மீட்க வழி இருக்கிறதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

றெக்சன்

*

மாத்தளை
2025 ஜூலை 2, பின்னேரம்

றெக்சன்,

முதலில் இது. லெப்டொப்பைத் தொடாதீர்கள். 'படி'யில் ஒரு கட்டளையும் தட்ட வேண்டாம், சும்மா 'நிலை' பார்ப்பதுகூட வேண்டாம். அழித்த கிளையின் பதிவுகள் உடனே மறையாது. பெயர் மட்டும்தான் போயிருக்கும். எழுதியதெல்லாம் உள்ளே சிதறிக் கிடக்கும். ஆனால் 'படி' ஒவ்வொரு தடவை ஓடும்போதும், உரிமை கோர ஆளில்லாத பதிவுகளில் மிகப் பழையதிலிருந்து கொஞ்சம் துடைத்துவிட்டுத்தான் போகும். இடம் மிச்சம் பிடிக்க நீங்கள் எழுதிய பகுதி அது. ஞாபகம் இருக்கிறதுதானே?

உங்கள் கடிதத்தை உம்மாவுக்கு முன்னால் இருந்து வாசித்தேன். "ஏன் புள்ள முகம் வெளுத்துப் போச்சு?" என்று கேட்டார். என்ன சொல்வது? ஒரு மனுஷியின் நாலு மாதத்தை எங்கள் கைவேலை தின்றுவிட்டது என்றா?

எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன். போன டிசம்பரில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துக் கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டு நான் சொன்னேன். ஓர் எழுத்துக்கு ஓர் அர்த்தம்தான் இருக்க வேண்டும், எந்தக் கட்டளைக்குள் போனாலும் அது மாறக்கூடாது என்று. நீங்கள் சிரித்தீர்கள். "நம்ம ஆளுங்க என்ன அவ்வளவு மக்குங்களா ஆதிபா?" என்றீர்கள். சுருக்கங்களின் பட்டியல் உங்கள் கையில்தான் இருந்தது. வாப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த ஜனவரியில் நான் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் கவனிப்பீர்கள் என்று விட்டேன்.

அனுப்புவதற்கும் அழிப்பதற்கும் ஒரே எழுத்து. நாற்பது பேர் இதைப் பாவிக்கிறார்கள். எப்படி றெக்சன்? எப்படி உங்கள் கண்ணில் படாமல் போனது?

லெப்டொப்பைத் தொடாதீர்கள்.

ஆதிபா

*

வில்கமுவ
2025 ஜூலை 4

ஆதிபா,

உங்கள் கடிதம் எனக்கு நேற்றுத்தான் கிடைத்தது. குளக்கட்டுக்கு முந்தாநாள் மறுபடி போகவில்லை. அதற்குள் நான் நாலு தடவை 'படி'யை ஓட்டிவிட்டேன். கிளை எங்காவது ஒளிந்திருக்குமோ என்று தேடினேன். ஒவ்வொரு தேடலிலும் கொஞ்சம் துடைபட்டிருக்கும். நான் எழுதிய துடைப்பம்.

பட்டியல் என் பொறுப்புத்தான். அக்காவிடமும் அப்படியே சொன்னேன். அவர் அரிசி அரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"நீ செஞ்சதா?"

"ஆமாக்கா."

"தெரிஞ்சா?"

"தெரியாமத்தான்."

அவ்வளவுதான். அரிசியை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்ப் பழைய கொப்பியை எடுத்தார். மார்ச் ஒன்பது என்று எழுதினார். நினைவிலிருந்து எழுதப் பார்க்கிறார். காதுகிழிந்தவன் வந்த நாள், மூன்று பெண் யானையும் குட்டியும் வந்த நாள் என்று வேகமாக எழுதியவர், மார்ச் இருபத்துமூன்றில் நின்றுவிட்டார். பேனை கொப்பிக்கு மேல் அப்படியே நின்றது. நான் வெளியே போய்விட்டேன்.

எனக்குச் சோறு போடுகிறார். பேசுவதில்லை. என்னிடம் இப்படி இருந்ததே கிடையாது. அத்தானின் அடக்கத்தன்றுகூட "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டவர்.

லெப்டொப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். நீங்கள் சொல்லும் வரை திறக்க மாட்டேன்.

றெக்சன்

*

மாத்தளை
2025 ஜூலை 5, சனி

றெக்சன்,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன்.

இன்று காலை 'படி'யின் சொந்த வரலாற்றைத் திறந்தேன். நீங்கள் எந்த நாளில் அந்த வரியை எழுதினீர்கள், அப்போது என்ன நினைத்திருந்தீர்கள் என்று பார்க்கத்தான். உங்களுக்குக் காட்டிச் சண்டை பிடிக்கத்தான், உண்மையைச் சொன்னால்.

அந்த வரியில் என் பெயர் இருக்கிறது.

ஜனவரி 17, காலை பதினொன்று இருபது. வாப்பாவை ஒப்பரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வார்ட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தது ஞாபகம் வருகிறது. என்ன செய்தேன் என்பது சுத்தமாக ஞாபகம் இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்திருக்கும்.

நீங்கள் கிளைக்குள் 'நீக்கு' என்றுதான் வைத்திருந்தீர்கள். 'நீ' என்று தட்டுவது யாரையோ மரியாதையில்லாமல் கூப்பிடுவது போல இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதற்காக நான் அதை 'அழி' ஆக்கியிருக்கிறேன். பிறகு எல்லாக் கட்டளைக்கும் முதல் எழுத்தே சுருக்கம் என்று விதி போட்டிருக்கிறேன். சுருக்கம் தெரிந்தவருக்கு "நிச்சயமா?" என்ற கேள்வி வேண்டாம் என்றும் எடுத்துவிட்டிருக்கிறேன். கீழே என் குறிப்பு: 'சுருக்கங்கள் எல்லாம் இனி ஒரே சீர்.'

ஒரே சீர்! பார்வைக்குச் சீர். எல்லாம் ஓரெழுத்து, அழகான வரிசை. அர்த்தத்தைப் பார்க்கவே இல்லை. டிசம்பரில் உங்களுக்கு நான் படித்துப் படித்துச் சொன்னதை ஜனவரியில் நானே உடைத்திருக்கிறேன்.

இதைவிட மோசம் அதற்குக் கீழே இருக்கிறது. மறுநாள் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்: 'வெளியே அ என்றால் அனுப்பு. கிளைக்குள் அ என்றால் அழி. இது சரியா ஆதிபா?'

நான் எழுதிய பதில்: 'சரி.'

அதற்கு அடுத்த நாள் வாப்பா மௌத்தானார்.

உங்களுக்கு நான் எழுதிய கடிதத்தை எடுத்து வாசித்தேன். எப்படி உங்கள் கண்ணில் படாமல் போனது என்று கேட்டிருக்கிறேன். உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு இது ஞாபகம் இருந்ததா? உண்மையைச் சொல்லுங்கள்.

ஆதிபா

*

வில்கமுவ
2025 ஜூலை 7

ஆதிபா,

ஜூலை முதலாம் திகதி மத்தியானமே பார்த்துவிட்டேன். உங்களுக்கு எழுதுவதற்கு முன்னாலேயே.

குளக்கட்டில் அக்கா பக்கத்தில் நின்றபோது எனக்கு ஞாபகம் இல்லை, அது சத்தியம். நானே கேட்ட கேள்வி, ஆறு மாதத்தில் எனக்கே மறந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்து வரலாற்றைத் திறந்ததும் திகதி தெரிந்தது. வாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்கு நான் வந்த நாளுக்கு இரண்டு நாள் முந்திய திகதி. அந்தத் திகதியை உங்கள் முன்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. யார் எழுதியது என்று கேட்கவில்லை என்று எழுதினேனே, கேட்டால் நீங்கள் போய்ப் பார்ப்பீர்கள் என்ற பயம். அது உங்களை எப்படியும் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டது.

என் பங்கும் இருக்கிறது. 'சரி' என்று நீங்கள் எழுதிய நாளில் உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். பதிலை ஏற்காமல் நிறுத்தி வைத்திருக்கலாம். அந்த மாற்றத்தைச் சேர்த்தது என் கை.

றெக்சன்

*

மாத்தளை
2025 ஜூலை 8

றெக்சன்,

என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் உங்களிடம் கேட்டேனா?

உங்கள் அக்கா உங்களோடு பேசுவதில்லை. நான் செய்ததற்காக. நீங்கள் நாலு நாளாக என் இடத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சோறு சாப்பிட்டிருக்கிறீர்கள். நான் இங்கே உங்களைத் திட்டிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல மனசு என்று நினைத்துத்தான் செய்தீர்கள். தெரியும். ஆனால் இனி இப்படிச் செய்ய வேண்டாம். என் பிழை எனக்குத் தெரிய வேண்டும்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஹெட்டிப்பொலையில் இறங்கி அங்கிருந்து திரீவீல் பிடிக்கிறேன். சிதறியதைப் பொறுக்கி எடுக்க ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறேன், அது 'படி'யைத் தொடாமலே உள்ளே போய்ப் பார்க்கும். என் கணினியில் நூறு தடவை அழித்து எடுத்துப் பார்த்துவிட்டேன்.

நான் வரும் வரை அக்காவிடம் எதுவும் சொல்லாதீர்கள். அதை நான்தான் சொல்ல வேண்டும்.

ஆதிபா

*

மாத்தளை
2025 ஜூலை 13, ஞாயிறு

றெக்சன்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அக்கா கொடுத்துவிட்ட மாம்பழத்தில் பாதியை உம்மா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

உங்களைச் சீனி வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டு அக்கா என்னோடு என்ன பேசினார் என்று பஸ் ஏறும்போது கேட்டீர்கள். அங்கே நின்று சொல்ல முடியவில்லை.

நான் தயார் பண்ணிக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அக்கா, அது றெக்சன் இல்ல. நான்தான்" என்று மட்டும் சொன்னேன். அவர் "உங்க வாப்பா ஆஸ்பத்திரியில இருந்த நேரமா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீங்கள் சொல்லவில்லை என்று தெரியும். "தம்பி பொய் சொன்னா எனக்குத் தெரியும். யாருக்காகன்னுதான் தெரியல. அதான் அவனோட பேசல" என்றார்.

பிறகு சொன்னது இது. நோபர்ட் அத்தான் போன பிறகு விசாரணைக்கு வந்த ஒருவர் கேட்டாராம், "அந்த நேரத்துல அவரு ஏன் அந்த ரோட்டால வந்தாரு?" என்று. "வேற ரோடே இல்ல தங்கச்சி. ஆனா ஒரு மாசமா நானும் அதையே கேட்டுக்கிட்டு இருந்தேன். ஏன் வந்தாரு, ஏன் வந்தாருன்னு. அந்தச் செவ்வாக்கெழம, என் வெரலு ஏன் அத தட்டுச்சுன்னு கேட்டுக்கிட்டு இருந்த மாதிரி." சொல்லிவிட்டு எழும்பினார். "சொல்லிட்டீங்க. இனி உக்காந்து வேலையப் பாருங்க."

நூற்றுப் பதினான்கில் எண்பத்தெட்டு கிடைத்தது. முதல் இருபத்தாறு நாளும் போனது போனதுதான். அக்கா அந்த எண்பத்தெட்டை ஒவ்வொன்றாக வாசித்தபோது உங்கள் முகத்தையும் பார்த்தேன், அவர் முகத்தையும் பார்த்தேன்.

இன்னொரு விஷயம். இதற்காகத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

'படி' பாவிக்கும் நாற்பது பேருக்கும் வெள்ளிக்கிழமை எழுதினேன். எங்கள் பிழை இது, கிளைக்குள் அ என்று தட்ட வேண்டாம், யாருக்காவது ஏதாவது போயிருந்தால் சொல்லுங்கள் என்று. ஒருவரும் இல்லை என்று நினைத்தேன். இத்தனை மாதத்தில் ஒரு முறைப்பாடும் வரவில்லையே.

மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.

யட்டவத்தையிலிருந்து மாணிக்கவாசகம் ஐயா. பிறப்புச் சான்றிதழ் இல்லாத எழுபது தோட்டத்து ஆட்களின் விபரம் சேர்த்துக்கொண்டிருந்தாரே அவர். பெப்ரவரியில் அழிந்திருக்கிறது. 'எனக்கு வயதாகிவிட்டது, விரல்தான் எங்கோ தவறிவிட்டது என்று நினைத்துத் திரும்ப வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டிருக்கிறேன் மகள்' என்கிறார். நூருன்னிஸா டீச்சர், பத்தாம் வகுப்புப் பாடக்குறிப்பு முழுவதும். தனக்குக் கணினி சரிவராது என்று அன்றோடு விட்டுவிட்டாராம். மூன்றாவது ஆள் பெயர்கூடப் போடவில்லை. 'எனக்கும்' என்று ஒரே சொல்.

ஐந்து மாதம் றெக்சன். ஒருவர்கூட எங்களைச் சந்தேகப்படவில்லை. எல்லோரும் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்கள். மூன்றையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். அஸர் தொழுகை நேரமும் தப்பிவிட்டது.

நாளை யட்டவத்தைக்குப் போகிறேன். ஐயாவின் கணினியில் இனி எதுவும் மிஞ்சியிருக்காது. எழுபது வீட்டில் எத்தனை வீடு பாக்கி என்று கேட்டு, அவரோடு போய் எழுத வேண்டும். டீச்சரை எப்படிப் பார்ப்பது என்று இன்னும் தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் எழுதுங்கள்.

ஆதிபா

*

வில்கமுவ
2025 ஜூலை 18, வெள்ளி

ஆதிபா,

நேற்றுக் கூட்டம் முடிந்தது. நல்லதை முதலில் சொல்கிறேன். வேலியின் கோடு மாறுகிறது.

அக்கா எண்பத்தெட்டு நாளையும் சிங்களத்தில் வாசித்தார். பத்தாவது நாளுக்கே வரைபடம் வைத்திருந்தவர் பென்சிலை எடுத்துக் குறிக்கத் தொடங்கிவிட்டார். முடியும்போது அவர் குறித்த புள்ளிகள் எல்லாம் கிழக்கே ஒரு பாதையாக நின்றன. அவரே எழும்பி, "இது எங்களிடம் இல்லை" என்றார். பதினொரு வீட்டில் பத்து வீடு இனி வேலிக்கு உள்ளே.

பதினோராவது அக்காவுடையது.

காரணத்தைச் சொல்கிறேன், நிதானமாக வாசியுங்கள். யானைகள் கிழக்கே திரும்பிய புதிதில் அக்கா வீட்டுப் பின்பக்கத்தால்தான் போயின. ஏப்ரல் முதல் வாரத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளி வழி மாற்றின. அந்த முதல் இருபத்தாறு நாள்தான் எங்களிடம் இல்லாத நாள். நினைவிலிருந்து எழுதிய பதினைந்து நாளை அக்கா காட்டினார். ஆனால் இது நினைவு, அன்றன்று எழுதியது இல்லை என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். நான் கையைப் பிடித்துத் தடுக்கப் பார்த்தேன். கேட்கவில்லை. "எண்பத்தெட்டும் உண்மைன்னு நம்பணும்னா இதையும் உண்மையா சொல்லணும்" என்று என்னிடம் தமிழில் சொன்னார். அந்த வீட்டை ஒக்டோபரில் வந்து தனியாகப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேலி அதற்கு முன்னால் எழும்பிவிடும்.

அந்த இருபத்தாறு நாளைத் துடைத்தது என் நிரல், என் நாலு தடவை. நீங்கள் உங்கள் பங்கை அக்காவிடம் சொன்னது போல, நேற்று வீட்டுக்கு வந்ததும் நானும் சொன்னேன். இந்தத் தடவை நடந்தபடியே. "இப்ப பொய் இல்ல" என்றார். பிறகு, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார். ஒக்டோபர் வரை இங்கேயே இருக்கிறேன்.

காலையில் சுருக்கங்களின் பட்டியலைத் திருத்த உட்கார்ந்தேன். அக்கா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டார். அ என்றால் எங்கே தட்டினாலும் அனுப்பு. சே என்றால் எங்கே தட்டினாலும் சேர். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். கடைசியில், "அழி-க்கு என்னக்கா வைக்கலாம்? மிச்சம் இருக்கிற எழுத்துல ஒண்ணு சொல்லுங்க" என்றேன்.

"ஒண்ணும் வேணாம்" என்றார். "அழிக்கிறவங்க முழுச் சொல்லையும் எழுதட்டும்."

அப்படியே எழுதிவிட்டேன். பிரதி இத்துடன் வருகிறது. உங்கள் பதில் வரும் வரை சேர்க்க மாட்டேன். நல்ல தூக்கம் தூங்கி எழும்பிய ஒரு நாளில் பார்த்துச் சொல்லுங்கள்.

றெக்சன்